உம்மாவின் குருவி முட்டி

எங்கள் பழைய வீட்டு விறாந்தையின் வளையில் ஒரு மண்முட்டி தொங்கிக்கொண்டிருந்தது. வாயைப் பக்கவாட்டில் திருப்பி, கழுத்தில் கயிறு போட்டு உம்மா கட்டியது. நான் ஓதப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்தே அதை அறிவேன். காற்றுக்கு விழுந்து உடைந்தால் இரண்டொரு நாளில் இன்னொன்று வந்துவிடும். அதற்குள்ளே எப்போதும் ஒரு சிட்டுக்குருவிக் குடும்பம் இருக்கும். பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் போகும் வீதியில், ஒரு புறம் களப்பும் மறு புறம் கடலுமாக இருக்கும் எங்கள் ஊரில் அந்நாளில் முட்டி தொங்காத வீடு குறைவு.

அஸர் தொழுகை முடிந்ததும் உம்மா சுளகை எடுத்துக்கொண்டு படியில் உட்காருவார். அரிசி புடைக்கும்போது குறுணலும் உமியும் முற்றத்தில் விழும். குருவிகள் அவருடைய கால் விரல்களுக்குப் பக்கத்திலே வந்து பொறுக்கும். கோழியை விரட்டுவாரே தவிர குருவியை விரட்டமாட்டார். "அது அவங்கட பங்கு" என்பார். மரம் நட்டு, அதிலிருந்து ஒரு பறவை தின்றாலும் நட்டவருக்கு அது ஸதகாவாகும் என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. உம்மா அந்தக் கிதாபுகளை ஓதியவர் அல்லர். ஆனாலும் விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

2011இல் வீட்டை இடித்துக் கட்டினோம். கட்டாரில் இருந்த தம்பி பணம் அனுப்பினார். ஓட்டுக் கூரைக்குப் பதிலாக கொங்கிறீட் தட்டு, கண்ணாடி ஜன்னல், மேலே நுளம்பு வராமல் வலை என்று திட்டம். கூரையைக் கழற்ற வந்த மேசன் பாஸ் விறாந்தையைப் பார்த்துவிட்டு, "ஹஸரத், இந்த முட்டியை என்ன செய்ற?" என்று கேட்டார். உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்டது. உம்மா அடுப்படியிலிருந்து வந்து, "குஞ்சு பறக்கும் மட்டும் பொறுங்களேன் மகன், பத்துப் பதினைஞ்சு நாள்தானே" என்றார்.

நான் பொறுக்கவில்லை. பாஸுக்கு வேறு வேலை இருந்தது. மழைக்கு முன் தட்டுப் போட வேண்டியிருந்தது. முட்டியைக் கழற்றி முருங்கை மரத்தில் கட்டச் சொன்னேன். தாய்க் குருவி பழைய வளை இருந்த இடத்திலேயே வந்து வந்து பறந்தது. முருங்கைப் பக்கம் போகவேயில்லை. இரண்டாம் நாள் முட்டியில் எறும்பு ஏறிவிட்டது. அதை இறக்கி, முற்றத்து மூலையில் குழி தோண்டிப் புதைத்தவர் உம்மா.

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால், அந்த வருடமும் நான் மாணவர்களுக்கு ரியாழுஸ் ஸாலிஹீன் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பயணமொன்றில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, அது சிறகை விரித்துப் பதறித் துடித்ததையும், அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் இந்தத் தாயைப் பிள்ளைகளைக்கொண்டு வேதனைப்படுத்தியது யாரென்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்னதையும் அந்தக் கிதாபில் ஓதிக் கொடுக்கிறவன் நான். ஓதிக் கொடுப்பது வேறு, வீட்டுக்குக் கூரை போடுவது வேறு என்று அன்றைக்கு மனசு பிரித்து வைத்திருந்தது.

புது வீடு முடிந்து குடிபுகுந்த பிறகு ஒரு நாள் உம்மா சொன்னார்: "குருவி போன வீட்டுல பரக்கத் இருக்காது மகன்."

எனக்குக் கோபம் வந்தது. சகோதரிகளே, உங்கள் வீடுகளிலும் இப்படிப் பேச்சுகள் இருக்கும். காகம் கரைந்தால் விருந்தாளி வருவார், ஆந்தை அலறினால் அந்தத் தெருவில் மௌத் விழும் என்றெல்லாம். ஜாஹிலிய்யாக் கால அரபிகள் பயணம் புறப்படுமுன் ஒரு பறவையைக் கலைத்துவிடுவார்கள். வலப்புறம் பறந்தால் போவார்கள். இடப்புறம் பறந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இதற்குத்தான் தியரா என்று பெயர். பறவையைக் குறிக்கும் தைர் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. தியரா இல்லை, ஆந்தைச் சகுனம் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாகவே மறுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அன்று உம்மாவுக்கு ஒரு பயான் போலச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "மார்க்கம் படிச்ச நீங்க சொன்னா சரிதான்" என்று எழும்பிப் போனார். அதற்குப் பிறகு குருவியைப் பற்றி என்னிடம் பேசவேயில்லை. 2016இல் உம்மா மௌத்தானார். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

2025 மார்ச் 15, சனிக்கிழமை. ரமழான் மாதத்தின் நடுப்பகுதி. பயிர்களை அழிக்கும் பிராணிகளைக் கணக்கெடுப்பதற்காக அரசாங்கம் நாடு முழுவதும் காலை 8 மணி முதல் 8.05 வரை ஐந்து நிமிடம் குறித்திருந்தது. அவரவர் தத்தம் காணியில் நின்று எண்ணி எழுத வேண்டும். எட்டாம் தரத்தில் படிக்கும் என் மகள் படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். குரங்கு, மந்தி, மர அணில், மயில் என்று படிவத்தில் கேட்டிருந்தது. எங்கள் வேலிக்கு அப்பால் தென்னந்தோட்டத்தில் மயில்கள் நின்றன; எழுதினாள். பிறகு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாப்பா, குருவிக்குக் கட்டம் இல்லையே?" என்றாள்.

"குருவி பயிரை அழிக்கிற அளவுக்கு இல்லை மகள்."

"அப்ப எங்க போச்சி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்துக் கட்டம் கீறி, அவளே எண்ணத் தொடங்கினாள். நானும் ஸுபஹ் தொழுதுவிட்டு, பெருநாளுக்குப் பிறகு பல வாரங்கள் அவளோடு பள்ளிவாசலில் இருந்து களப்பு ஓரம் வரை நடந்தேன். நாற்பது வயது தாண்டியவன் ஒரு பிள்ளையோடு மரத்தையும் மதிலையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவதைக் கண்டு, ஏதும் தொலைந்துவிட்டதா என்று விசாரித்தவர்களும் உண்டு. காகம் எண்ணி முடியவில்லை. மைனாவும் புறாவும் கிளியும் இருந்தன. களப்பில் கொக்கும் நீர்க்காகமும் இருந்தன. சிட்டுக்குருவிக் கட்டத்தில் நாளுக்கு நாள் பூச்சியம். மூன்றாம் வாரத்தில்தான் புத்தளம் நகரத்தில், அரிசி மூட்டை இறக்கும் ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்தில் ஏழெட்டுக் குருவிகளைக் கண்டோம். மகள் நடுத்தெருவில் நின்று கத்தியதில் முச்சக்கரவண்டிக்காரர் எங்களை ஏசிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து கிதாபுகளைப் புரட்டினேன். ஹிஜ்ரி 255இல் வபாத்தான பஸராவின் அறிஞர் அல்ஜாஹிழ், மிருகங்களைப் பற்றிய தமது பெரிய நூலில் சிட்டுக்குருவியைப் பற்றி ஒரு செய்தி எழுதுகிறார். மனிதர் குடியிருக்கும் வீட்டில்தான் அது தங்கும். மனிதர் வீட்டை விட்டுப் போனால் அதுவும் போய்விடும் என்பது அதன் கருத்து. ஓதிய காலத்தில் இதைக் கடந்து போயிருப்பேன். இப்போது வாசித்தபோது வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எங்கள் பகுதிக்குத்தான் வந்து கிடுகுக் கொட்டில்களில் தங்கினார்கள். அவர்களில் முசலிப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தாய், 2009இல் யுத்தம் முடிந்த பின் தன் காணியைப் பார்த்துவிட்டு வந்து உம்மாவிடம் சொன்னார்: "எல்லாம் காடு பத்திக் கிடக்கு ராத்தா. மயில் நிக்கிது, பண்டி நிக்கிது. ஒரு வீட்டுக்குருவி இல்ல." ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன் பஸராவில் எழுதியதை இந்தத் தாய் தன் கண்ணாலே கண்டு வந்திருக்கிறார்.

நோர்வே நாட்டு ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதற்குப் பக்கத்திலே வருகிறது. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய காலத்தையொட்டி, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன், சிட்டுக்குருவியின் உடலமைப்பில் மாவுச்சத்தைச் செரிக்கும் மாற்றம் ஏற்பட்டதற்கான அடையாளங்களை அதன் மரபணுவில் கண்டிருக்கிறார்கள். அதாவது, நம் சோற்றுக்குப் பழகி நம் கூரைக்குள்ளே வந்த பிராணி அது. ஸுப்ஹானல்லாஹ்.

அப்படியானால் எங்கள் ஊரில் மனிதர் கூடியிருக்க, குருவி ஏன் போனது?

முதல் காரணம் என்னுடைய வீட்டைப் போன்ற வீடுகள். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்து, கிடுகின் மடிப்பு, வளையின் பொந்து எதுவும் கொங்கிறீட் தட்டில் இல்லை. இரண்டாவது, சுளகு. எந்த வீட்டில் இப்போது முற்றத்தில் அரிசி புடைக்கிறோம்? கல்லும் குறுணலும் நீக்கிய அரிசி பைக்கற்றில் வருகிறது. முற்றமும் சீமெந்து போட்டாகிவிட்டது. மூன்றாவதுதான் நம்மில் பலருக்குத் தெரியாதது. பெரிய குருவி தானியம் தின்றாலும், குஞ்சுக்கு முதல் நாட்களில் புழு பூச்சிதான் ஊட்டும். உம்மாவின் முட்டிக்கு அந்தத் தாய்க் குருவி வெண்டித் தோட்டத்திலிருந்து பச்சைப் புழுக்களைக் கௌவிக்கொண்டு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோட்டத்தில் வாரத்துக்கு வாரம் மருந்தடித்தால் புழு இருக்காது. புழு இல்லாவிட்டால் குஞ்சு இல்லை. கைத்தொலைபேசிக் கோபுரம்தான் காரணம் என்று ஊரெல்லாம் கதை உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் நான் வாசித்த வரையில் கிடைக்கவில்லை. நம் கையிலுள்ள மருந்துப் போத்தலை விட்டுவிட்டுக் கோபுரத்தைக் குறை சொல்வது நமக்கு இலேசாகவும் இருக்கிறது.

இந்த மருந்தும் உரமும் குருவியோடு நிற்பதில்லை என்பதைத் தாய்மார்கள் கவனமாக வாசிக்க வேண்டும். கற்பிட்டித் தீபகற்பம் முழுவதும் மணல் நிலம். வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்களுக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுத்ததுபோக மீதி, தண்ணீரோடு சேர்ந்து வெகு சீக்கிரம் கீழிறங்கி, சில அடி ஆழத்திலுள்ள கிணற்று நீரில் கலந்துவிடுகிறது. எங்கள் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று என்னும் உப்பு கூடியிருப்பதை 1980களின் பிற்பகுதியிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேற்பட்ட நீரில் மா கரைத்துக் கொடுத்தால் சில மாதக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நம்புகிறோம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவடையத்தான் செய்யும். தாய்ப்பால் ஊட்டுகிற குழந்தைக்கு இந்தப் பயம் இல்லை. தோட்டத்துக்குப் பக்கத்தில் கிணறு உள்ளவர்கள் தண்ணீரைப் பரிசோதிப்பிக்காமல் அதில் பால்மா கரைக்காதிருப்பதே பேணுதல்.

பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1980கள் வரை கூண்டில் ஒரு சிறிய கனேரிக் குருவியைக் கொண்டு இறங்குவார்கள். மணமோ நிறமோ இல்லாத நச்சுவாயு பரவினால் மனிதனுக்கு முன்பே அது மயங்கி விழும். தொழிலாளர்கள் மேலே ஓடிவந்துவிடுவார்கள். அதை யாரும் சகுனம் என்று சொல்லவில்லை. குருவியும் மனிதனும் ஒரே காற்றைச் சுவாசித்தார்கள். குருவியின் உடல் சிறியது, அதனால் அதற்கு முதலில் பட்டது.

உம்மாவுக்கு நான் செய்த பயானில் விட்ட இடம் இங்கேதான். மார்க்கம் மறுத்த தியரா, பறவை பறக்கும் திசைக்கு நம் தலைவிதியை முடிச்சுப் போடுவது. பறவை என்ன தின்கிறது, எங்கே கூடு கட்டுகிறது, ஏன் போனது என்று பார்ப்பது தியரா அல்ல. பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று ஸூரத்துல் அன்ஆமில் அல்லாஹ் நமக்கு அறிவிக்கிறான். தலைக்கு மேல் சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை அவர்கள் பார்க்கவில்லையா என்று ஸூரத்துல் முல்க்கில் கேட்கிறான். ஸுலைமான் (அலை) அவர்கள் பறவைகளைப் பார்வையிட்டபோது ஹுத்ஹுத் ஒன்று குறைவதைக் கவனித்து விசாரித்தார்கள். அத்தனை பெரிய அரசாட்சிக்கு நடுவில் ஒரு பறவை குறைந்தது அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. உம்மா கவனித்ததும் ஒரு பறவை குறைந்ததைத்தான். பரக்கத் என்ற சொல்லால் அதைச் சொன்னார். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிட்டேன்.

எண்ணிப் பார்ப்பதன் அருமைக்கு லண்டன் நகரத்தில் ஓர் உதாரணம் உண்டு. மாக்ஸ் நிக்கல்சன் என்பவர் 1925இல், தமது இருபத்தோராவது வயதில், கென்சிங்டன் பூங்காவில் சிட்டுக்குருவிகளை எண்ணினார்: 2,603. எழுபத்தைந்து வருடங்களுக்குப் பின், 2000ஆம் ஆண்டில், தொண்ணூறு தாண்டிய முதியவராக அதே பூங்காவில் திரும்பவும் எண்ணும்போது கூடவிருந்தார். அன்று இருந்தவை 8. இந்தியாவில் 2020இல் வெளியான பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. மார்ச் 20ஆம் திகதியை உலகச் சிட்டுக்குருவி தினமாக 2010இல் தொடங்கி வைத்தவர் நாசிக் நகரத்து முஹம்மத் திலாவர் என்ற நம் சகோதரர் ஒருவர்தான்.

இன்னொருவரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மும்பையில் ஒரு முஸ்லிம் குடும்பத்துச் சிறுவன் தான் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் அடையாளம் இருப்பதைக் கண்டு, இதைத் தின்பது ஹலாலா என்று மாமாவிடம் கேட்கப் போனான். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகமறிந்த பறவையியல் அறிஞர் ஸாலிம் அலி (1896–1987). ஹலால் ஹராம் பேணியதில் ஒரு பிள்ளைக்குத் திறந்த வாசல் அது.

குருவி போனதைச் சொன்னேன். காகம் பெருகியதையும் சொல்ல வேண்டும். நம் ஊர்க் காகம் குப்பையோடு போகும் பிராணி. 1890களில் தோட்டங்களில் புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுபோகப்பட்ட காகத்தின் சந்ததி இன்று அங்கே பெரும் தொல்லையாகியிருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் ஜித்தாவிலும் அதைக் கண்டிருப்பீர்கள். கப்பலோடு போய்ச் சேர்ந்தது. காகம் கூடியிருந்தால் அங்கே மூடாத குப்பை இருக்கிறது என்று அர்த்தம். 2017 ஏப்ரல் 14இல் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்ட பின், கொழும்புக் குப்பையை எங்கள் மாவட்டத்து அருவக்காட்டுக்குக் கொண்டுவருவதை எதிர்த்துப் புத்தளம் மக்கள் 2018இலும் 2019இலும் மாதக்கணக்கில் போராடினார்கள். பெண்கள் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். நியாயமான போராட்டம்தான். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள் களப்பு ஓரத்தில் காகம் எப்படி நிற்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? குர்பானி மாட்டின் குடலையும் தோலின் துண்டுகளையும் சொப்பிங் பேக்கில் கட்டிக் கரையில் போட்டுவிட்டு வருகிறோம். நானும் ஒரு வருடம் அப்படி ஆள் அனுப்பிப் போட்டவன்தான். ஆதமுடைய மகன் தன் சகோதரனைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, மண்ணைக் கீறிக் காட்டவென அல்லாஹ் அனுப்பியது காகத்தைத்தான். புதைக்கக் கற்றுக்கொடுத்த பறவைக்கு முன்னால் நாம் புதைக்காமல் வீசுகிறோம். இரண்டு முழக் குழிக்கு மேல் அதற்குத் தேவையில்லை.

மயிலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எங்கள் வறண்ட கரைக்கு அது புதிதல்ல. ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது அதைப் பார்க்கக் காட்டுப் பக்கம் போக வேண்டும். இப்போது பள்ளிவாசல் மதிலில் நின்று ஸுபஹ் பாங்குக்கு மறுபாங்கு சொல்கிறது. ஈரவலயத்து மாவட்டங்களுக்கும் பரவிவிட்டது. காடு வெளியாகிறது, முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி குறைந்துவிட்டது என்று காரணம் சொல்கிறார்கள். அந்த ஐந்து நிமிடக் கணக்கில் நாட்டில் 40 இலட்சத்துக்கும் மேல் மயில் என்று வந்தது. கணக்கு எடுத்த முறையைப் பலர் குறை கூறினார்கள். மிளகாய்க் கன்றை இழந்த தோட்டக்காரருக்குக் கணக்குத் தேவையில்லை. பூவும் பிஞ்சும் இருந்த இடத்தில் காலடி இருக்கிறது.

சென்ற வருடம் மகள் ஒரு மண்முட்டி வாங்கித் தரச் சொன்னாள். விறாந்தையில் வளை இல்லாததால் கொங்கிறீட் தட்டில் கொளுக்கி அடிக்க வேண்டியிருந்தது. வாயைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டச் சொல்லி என் மனைவிதான் காட்டிக் கொடுத்தார். உம்மாவிடம் பார்த்துப் பழகியவர். கீழே பழைய சுளகில் கொஞ்சம் குறுணல் வைத்தார்கள். முதல் நாள் காகம் வந்து சுளகைக் கவிழ்த்தது. அணில் ஒன்று சில நாள் வந்து போனது. அண்டை வீட்டுத் தோட்டக்காரரிடம் போய், எங்கள் வேலியோரத்து இரண்டு பாத்திக்காவது மருந்தடிக்காமல் விடுங்கள் என்று கேட்டேன். பார்ப்போம் ஹஸரத் என்றார். மறு கிழமை நான் போகும்போது அந்தப் பாத்திகளைத் தாண்டித்தான் அடித்துக்கொண்டிருந்தார். அல்லாஹ் அவருக்கு அருள் செய்வானாக.

இப்போது முட்டிக்குள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறது. கலைத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும் வாப்பா, குஞ்சு பறக்கும் மட்டும்" என்றாள் மகள். கொப்பியில் அன்றைய திகதியை எழுதி, குருவிக் கட்டத்தில் பூச்சியம் போட்டு, பக்கத்தில் குளவி என்று புதிதாக ஒரு கட்டம் கீறினாள்.